ஆறரை மணி ஜீப்பில் போன ரத்தம்

முத்துப்பிரியாவின் ரத்தம் தினமும் காலை ஆறரை மணி ஜீப்பில் போடிமெட்டுக்கு ஏறி, சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்கி வந்தது. ஜீப்பு தெருமுனை திரும்பியதும் பிள்ளையின் உதடு வெளுக்கும். அது திரும்பி வந்து நின்றதும் சிவக்கும். கடிகாரத்தை விட்டுவிட்டு அந்த உதட்டைப் பார்த்து உலை வைத்தவர்களும் அந்தத் தெருவில் உண்டு.

சொந்தத்துக்குள் கட்டிக்கொண்ட கன்னையனுக்கும் மாயக்காளுக்கும் பிறந்த ஒரே பெண் அது. எலும்பு கல்லாக இறுகிப்போகும் அபூர்வ நோய். எலும்புக்குள் ரத்தம் ஊற வேண்டிய இடமெல்லாம் அடைத்துக்கொள்ள, அந்த வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு மண்ணீரல் வீங்கியது, வயிறு பானையானது. ஈறில் ரத்தம் கசிந்தது, காய்ச்சல் விட்டபாடில்லை. மஜ்ஜை மாற்றினால்தான் பிழைக்கும் என்றார் டாக்டர். பெற்றவளுடையது பாதிதான் பொருந்தியது. முழுசாகப் பொருந்தியது கன்னையனின் தங்கை ராக்குவுடையது. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி, தினமும் அந்த ஆறரை மணி ஜீப்பில் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். ஓ பாசிட்டிவாக ஆஸ்பத்திரிக்குள் போன பிள்ளை பி பாசிட்டிவாக வெளியே வந்தது. ராக்குவின் ரத்தமும் பி பாசிட்டிவ்தான்.

அன்றைக்கே மாயக்காளுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. நன்றி இல்லாதவள் இல்லை. நாத்தனார் காலில் விழுந்து அழுதவள்தான். ஆனால் ராக்கு மலையில் பச்சைமிளகாயைக் கடித்தால் இங்கே பிள்ளை உறைக்கிறது என்று தண்ணீர் கேட்டது. அங்கே மழை பிடித்தால் இங்கே பிள்ளையின் தலை நனைந்தது. துவட்டிவிடுவது மட்டும் மாயக்காளின் வேலை. ராக்கு ஒரு நாளும் பாத்தியதை கொண்டாடவில்லை. அதுதான் மாயக்காளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

“தினம் எதுக்கு அலையுற ராக்கு? எஸ்டேட்டு லயத்துலயே ரூம்பு இருக்குல்ல, தங்கிக்க” என்றாள் ஒருநாள், அக்கறைபோல.

ராக்குவுக்கு விளங்கிவிட்டது. “சரி மதினி” என்று துணிமணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ரத்தமும் அவளோடு மலையிலேயே தங்கிவிட்டது. மூன்றாம் நாள் பிள்ளை வெளுத்த வேட்டி நிறத்தில் கிடந்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. இனி ஒரு பகல்கூட வெளுக்கவிடாதீர்கள், தாங்காது என்றார் டாக்டர். மாயக்காள் கிடைத்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு லயத்து வாசலில் போய் நின்றாள்.

“வந்துரு ராக்கு. பொறாமையிலதான் ஒன்னய அனுப்புனேன். நீ வீட்டுல பிள்ளைகூட இரு. ஒன் சோலிய நான் பாக்குறேன்.”

“ஒங்களுக்குக் காயெடுத்துப் பழக்கமில்லையே மதினி.”

“பழகிக்கிறேன். வெரசா கெளம்பு.”

பிள்ளை அன்றே எழுந்து உட்கார்ந்தது. திங்கட்கிழமை காலையில் ராக்கு வாசலில் நிற்க, மாயக்காள் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறினாள். தெருமுனையில் எட்டிப் பார்த்தாள். பிள்ளை அத்தையின் தோளில் சாய்ந்து கையாட்டியது. உதடு செக்கச்செவேலென்று இருந்தது. மாயக்காள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

காயெடுக்கப் போக ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூர்யகலாவுக்குப் பதறிப்போயிற்று. “எதுக்குக்கா அழுவுறீங்க? நீங்க விட்டுட்டு வந்தும் பிள்ளை நல்லாத்தான இருக்கு?”

“அதுக்குத்தான்டி அழுவுறேன்” என்றாள் மாயக்காள்.