எட்டுச் செவ்வாய்க்கிழமைகள்

எங்கள் கடற்கரை ஊரான நசுவானோவில் செவ்வாய்க்கிழமையன்று எந்த வள்ளமும் கடலில் இறங்குவதில்லை. கடலுக்கு அது ஓய்வு நாள். வலைகளைத் தைப்பதற்கும், வழக்குகளைத் தீர்ப்பதற்கும், தீர்ந்த வழக்குகளைக் கிளறுவதற்கும் எங்களுக்கு அந்த ஒரு நாளே வாய்க்கிறது. ஆகையால், திருவிழாவின் வள்ளப் போட்டியை நிறுத்த வேண்டும் என்னும் செய்தியோடு மாவட்ட அதிகாரி வந்து சேர்ந்தபோது, ஊர் முழுவதும் வலைக்கொட்டகையில்தான் அமர்ந்திருந்தது. ஊர்ப் பள்ளியில் முப்பத்தோராண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்ற நான், வழக்கம்போல் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன்.

“போன ஒரு மாசத்துல சுறாவப் பார்த்ததாப் பதினேழு பேர் சொல்லியிருக்காங்க,” என்றார் அதிகாரி. “அதுவும் எங்க? கரையிலேர்ந்து கல்ல விட்டெறிஞ்சா விழற தூரத்துல. வள்ளம் கவிழாம இந்த ஊர்ல ஒரு போட்டியாவது நடந்திருக்கா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

போட்டி அடுத்த வாரப் புதன்கிழமை நடக்கவிருந்தது. எல்லாரும் எகுவா மான்சாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மீன் புகைக்கும் பெண்களுக்குத் தலைவி அவள். என்னிடம் ஏழாம் வகுப்புவரை படித்தவள். பெண்களுக்கும் போட்டியில் ஒரு வள்ளம் வேண்டும் என்று ஒன்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்தாள். ஒன்பதாம் ஆண்டில்தான் மீனவர் தலைவரான நானா எபோ ஆஹின் இசைந்தார். அதுவும் இந்த ஆண்டுக்கு மட்டும், ஒரே ஒருமுறை. பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நான்கு மாதங்கள் உப்பங்கழியில் துடுப்புப் போட்டுப் பழகினாள். அவர்களுடைய வள்ளத்தின் விலாவில் ‘அடுப்பு காத்திருக்கிறது’ என்று மஞ்சள் வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது.

“விடுக்கா,” என்று சிரித்தான் ஜோஜோ அமிசா. ஐந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து வென்றுவரும் வள்ளத்தின் தலைவன் அவன். ‘பொறாமைக்காரா, நீந்தப் பழகு’ என்பது அந்த வள்ளத்தின் பெயர். “சுறா உன்னையக் காப்பாத்திருச்சுன்னு நெனச்சுக்கோ. எங்க பின்னாடி வந்து மானம் போறதுக்கு, வராமலே இருக்கிறது மேல்.”

“உன் வாய மூடுறதுக்கு ஒரு சுறா வராதாடா?” என்றாள் எகுவா. சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினாள். “மாஸ்டர், அந்தப் பதினேழு பேரும் எந்தெந்தக் கிழமையில பார்த்தாங்க? கொஞ்சம் படிங்க.”

அதிகாரியின் தாளை வாங்கிப் படித்தேன். திங்கள் நான்கு, புதன் மூன்று, வியாழன் மூன்று, வெள்ளி இரண்டு, சனி நான்கு, ஞாயிறு ஒன்று. செவ்வாய் என்னும் சொல்லே அதில் இல்லை.

நானா எபோ ஆஹின் மெல்ல எழுந்து நின்றார். அவர் முகத்தில் பெருமை பொங்கிற்று.

“கேட்டீங்களாடா? சுறாவுக்கே என் சட்டம் தெரிஞ்சிருக்கு! போன மாசம் செவ்வாக்கிழமை திருட்டுத்தனமா வலைய எறக்கினவன் எவன்? அவனவிட மீன் ஒழுங்கா இருக்குது!”

கைதட்டல் எழுந்தது. முதியவர் ஒருவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். சுறாக்களும் செவ்வாய்க்கிழமையை மதிக்கின்றன என்னும் புதுமை, நான் எழுதுகோலைக் கீழே வைப்பதற்குள் சந்தைவரை பரவிவிட்டது.

எகுவா மட்டும் கைதட்டவில்லை.

“மன்னிக்கணும் நானா. போன வாரம் வலையில ஒரு சுறா மாட்டுச்சுல்ல? அத அறுத்தது நான்தான். வயித்துல என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு மீன்கூட இல்ல. பாளத்தச் சுத்திவர்ற நீலப் பிளாஸ்டிக் தாள் ரெண்டு. நாம கென்கே உருண்டையத் தின்னுட்டு வீசுற சோள மட்டை ஒண்ணு.”

பாளம் என்பது எங்கள் ஊரின் வெட்கம். ஆழ்கடலில் நிற்கும் அயல்நாட்டு இழுவைக் கப்பல்கள் எங்கள் சாளை மீனைக் குஞ்சுகளோடு வாரியெடுத்து, பனிப்பாளங்களாக உறையவைத்து, எங்கள் வள்ளக்காரர்களுக்கே விற்கின்றன. எங்கள் கடலின் மீனை எங்களுக்கே விற்கும் இந்த அநியாயத்தைக் கண்டித்து அமைச்சகத்துக்கு ஆறு மனுக்கள் எழுதினேன். ஆறிலும் ஓர் எழுத்துப்பிழை கிடையாது. ஒன்றுக்கும் பதில் கிடையாது. ஆனால், விற்பவரை மட்டும் வைதால் அது பாதி உண்மையே ஆகும். வாங்கிவந்த பாளங்களைக் கரையில் உடைத்து, அலைநீரில் கழுவி, அழுகியதையும் குடலையும் அங்கேயே எறிபவர்கள் நாங்கள். செவ்வாயன்று வள்ளம் போகாது, பாளம் வராது, கழுவுவதற்கும் ஒன்றும் இராது.

“அதுங்க உங்க சட்டத்த மதிக்கல, நானா,” என்று எகுவா தொடர்ந்தாள். “அங்க அதுங்களுக்குத் திங்க ஒண்ணுமில்ல, கப்பல்காரன் அள்ளிட்டான். இங்க நாங்க தெனம் விருந்து வெக்கிறோம். செவ்வாக்கிழமை விருந்து இல்ல, வரல. அம்புட்டுத்தான்.”

நானாவின் முகம் வாடியது. ஆயினும் அவர் நேர்மையான மனிதர். “நான் எளவட்டமா இருந்தப்ப,” என்றார் மெதுவாக, “சுறாவப் பாக்கணும்னா அரை நாள் துடுப்புப் போடணும். சரி, இப்ப என்ன பண்ணச் சொல்ற?”

“எட்டுச் செவ்வாக்கிழமை குடுங்க. வரிசையா. இன்னையிலேர்ந்து அடுத்த செவ்வா வரைக்கும் தெனமும் செவ்வாதான். பாளமும் வேண்டாம், கடல்ல கழுவுறதும் வேண்டாம்.”

“வயித்துக்கு என்னக்கா பண்றது?” என்று ஜோஜோ குதித்தான். “செவ்வாயப் பொரிச்சுத் திங்கிறதா?”

“திருவிழாச் சந்தைக்குன்னு என் பரண்ல புகை மீன் அடுக்கி வெச்சிருக்கேன். வள்ளத்துல போற ஒவ்வொரு வீட்டுக்கும் குடுக்கிறேன். உன் வீட்டுக்கு ரெண்டு பங்கு. உம் பொண்டாட்டி நெறமாசமா இருக்கா.”

ஜோஜோ சற்றுத் திகைத்தான். பிறகு, ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால், நெஞ்சை நிமிர்த்தினான். “எட்டு நாள் கழிச்சும் சுறா வந்தா?”

“ஒரே ஒரு செட்டை தண்ணிக்கு மேல தெரிஞ்சாலும், என் வள்ளத்த வெட்டி அடுப்புல வெக்கிறேன். ஆயுசுக்கும் துடுப்பத் தொட மாட்டேன். தெரியலேன்னா?”

“தெரியலேன்னா, எட்டும் செவ்வாதான்னு ஒத்துக்கிறேன்.”

“ஊர் முன்னால.”

“ஊர் முன்னாலயே!”

கடைசி மூன்று நாள்களில் ஒரு சுறாவும் தென்படாவிட்டால் கையெழுத்திடுவதாக அதிகாரி வாக்களித்தார். அன்று மாலையே சேகண்டி அடிப்பவன் தெருத்தெருவாகக் கூவிச் சென்றான்: “நாளைக்குச் செவ்வாக்கிழமை! நாளன்னைக்கும் செவ்வாக்கிழமை! நானா சொல்ற வரைக்கும் செவ்வாக்கிழமை!”

அந்த வாரத்தைப்போன்ற ஒரு வாரத்தை நான் கண்டதில்லை. பள்ளிப் பிள்ளைகள், செவ்வாய்க்குரிய விளையாட்டு வகுப்பை நாள்தோறும் நடத்த வேண்டும் என்று தலைமையாசிரியரை முற்றுகையிட்டார்கள். தேவாலயப் போதகர் கொட்டகைக்கே வந்து, ஞாயிற்றுக்கிழமையில் கைவைக்கக் கூடாது என்று எச்சரித்தார். “சாமிக்கு ஞாயிறு, கடலுக்குச் செவ்வா. ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல. நீங்க ஏன் மூட்டிவிடுறீங்க?” என்று நானா அவரை அனுப்பிவைத்தார். எகுவாவின் குழுப் பெண்கள் தென்னைகளுக்கிடையே குழிகள் தோண்டி, எஞ்சியிருந்த குடலையும் கழிவையும் புதைத்தார்கள். ஊரே பேசிச் சிரித்து, கயிறு திரித்து, தூங்கி எழுந்தது.

ஆனால், புதன்கிழமை நான்கு செட்டைகள் தெரிந்தன. வியாழக்கிழமை ஆறு. அவை முன்னிலும் நெருங்கி, முழங்காலளவு நீர்வரை வந்து, வழக்கமான இடத்தில் வட்டமிட்டன. ஜோஜோ ஒரு முக்காலியைக் கொண்டுவந்து மணலில் போட்டு, உரக்க எண்ணினான்.

“அக்கா! சாப்பாடு எங்கன்னு கேக்குதுங்க! என்ன பதில் சொல்ல?”

“இன்னைக்குக் கடை லீவுன்னு சொல்லு!” என்றாள் எகுவா. குரலில் இருந்த துணிவு கண்களில் இல்லை. அன்று அவள் தன் வள்ளத்தின் அருகில் சென்று, அந்த மஞ்சள் எழுத்துகளை நெடுநேரம் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் ஜோஜோவின் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதனோடு ஊர் வழக்கு ஒன்றும் பிறந்தது. பிறந்த கிழமையின் பெயரே எங்களுக்கு முதற்பெயர். வெள்ளியில் பிறந்தவள் எஃபுவா. செவ்வாயில் பிறந்தவள் அரபா.

“அரபா பொறந்திருக்கா!” என்று மருத்துவச்சி வாசலில் நின்று அறிவித்தாள்.

“எந்த அரபா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை! எம் பொண்ணு எஃபுவா!” என்று ஜோஜோ கத்தினான்.

“சேகண்டி அடிச்சது காதுல விழலியா? ஊருக்கெல்லாம் செவ்வா, உன் வீட்டுக்கு மட்டும் வெள்ளியா?”

துடுப்புப் போடும் பெண்கள் பன்னிருவரும் குழந்தைக்குச் சோப்பும் துணியும் அனுப்பினார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின்மீதும் ‘அரபாவுக்கு’ என்று எழுதியிருந்தார்கள். ஜோஜோ அவற்றைத் திருப்பியனுப்ப முயன்றான். அவன் மனைவி திருப்பியனுப்பவில்லை.

அன்று மாலை இரண்டு செட்டைகள்தாம் தெரிந்தன. சனிக்கிழமை ஒன்று வந்து, மும்முறை சுற்றிவிட்டு, ஆழத்தை நோக்கித் திரும்பிற்று. ஞாயிறு, திங்கள், செவ்வாய் ஆகிய மூன்று நாள்களிலும் கடல் வெறுமையாகக் கிடந்தது. எட்டாம் நாள் மாலை அதிகாரி மணலில் நின்றவாறே கையெழுத்திட்டார்.

புதன்கிழமை, கிழமையும் பெயரும் ஒன்றுபட்ட உண்மையான புதன்கிழமை, ஐந்து வள்ளங்கள் புறப்பட்டன. கரையில் முரசும் கொடியும் ஆட்டமும் பாட்டும் நிறைந்திருந்தன. முதலில் ஜோஜோவின் வள்ளம் பாய்ந்தது; அதன் வாலைப் பிடித்தாற்போல ‘அடுப்பு காத்திருக்கிறது’ சென்றது. மிதவையைச் சுற்றித் திரும்பும்போது எகுவா சுக்கானை அளவுக்குமீறி வளைத்தாள். பக்கவாட்டில் ஓர் அலை வந்தது. வள்ளம் கவிழ்ந்தது. பதின்மூன்று பெண்களும் நீரில் விழுந்தார்கள்.

முரசு நின்றது. எல்லாக் கண்களும் செட்டையைத் தேடின.

அப்போது ஒருவரும் எதிர்பாராதது நடந்தது. வாய்ச்சவடால் எல்லாவற்றையும் மறந்து, ஜோஜோ அமிசா தன் வள்ளத்திலிருந்து கடலில் குதித்து அவர்களை நோக்கி நீந்தினான். பாதி தூரம் சென்ற பிறகே தான் எங்கே இருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தக் கணத்தில் ஏதோ ஒன்று அவன் காலை இறுகப் பற்றியது.

“சுறா!” என்று அவன் அலறியது தேவாலய மணிக்கூண்டுவரை கேட்டது. “ஐயோ சுறா! காலப் புடிச்சிருச்சு!”

நீருக்கு வெளியே எகுவாவின் தலை எழுந்தது. “கத்தாதடா! நான்தான்! பிடிக்க ஒண்ணும் கெடைக்கல!”

நசுவானோவின் கரை அன்று சிரித்த சிரிப்பில் சுறா இருந்திருந்தாலும் ஓடிப்போயிருக்கும். பெண்கள் பாடிக்கொண்டே வள்ளத்தை நிமிர்த்தினார்கள், ஏறினார்கள், ஜோஜோவையும் மூட்டையைப்போலத் தூக்கி உள்ளே போட்டார்கள். தலைவனை இழந்த அவன் வள்ளம் திசைமாறி, உப்பங்கழியின் வாயில் போய்ச் செருகிக்கொண்டது. ‘அடுப்பு காத்திருக்கிறது’ இரண்டாவதாக எல்லையைக் கடந்தது. ஒன்பது ஆண்டுகள் கேட்டுப் பெற்ற இரண்டாமிடத்தை எகுவா இரு கைகளையும் உயர்த்திக் கொண்டாடினாள். ‘ஒரே ஒருமுறை’ என்னும் நிபந்தனையை நானா அங்கேயே நீக்கினார்.

வெள்ளிக்கிழமை பெயர்சூட்டு விழா. அதற்கு முன்பாகவே நானா புதுச் சட்டம் ஒன்றைச் சொல்லி என்னை எழுதச் செய்தார்: இனிக் கடலில் எதையும் கழுவக் கூடாது, எந்த வள்ளமும் பாளம் வாங்கக் கூடாது, வெள்ளிக்கிழமையும் இவ்வூர்க் கடலுக்குச் செவ்வாய்க்கிழமையே. அத்தாளின் படியொன்றை இணைத்து அமைச்சகத்துக்கு ஏழாவது மனுவையும் அனுப்பினேன். இழுவைக் கப்பல்கள் எந்தக் கிழமையையும் அறியா. ஆனால், அவற்றுக்கு உரிமம் வழங்குவோரின் சுவர்களில் நாட்காட்டி தொங்குகிறது அல்லவா?

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜோஜோ அமர்ந்திருந்தான். பிள்ளை உண்மை பேசி வளரத் தந்தை சொல்ல வேண்டிய சொற்கள் எங்கள் வழக்கத்தில் உண்டு. ஒரு துளி நீரை அதன் நாவில் வைத்து, “தண்ணின்னா தண்ணின்னு சொல்லணும், கண்ணு,” என்றான். விரல்நுனியில் ஒரு துளி சாராயத்தை வைத்து, “சாராயம்னா சாராயம்னு சொல்லணும்,” என்றான். பிறகு நிறுத்தினான். ஊர் முழுவதும் அவனையே பார்த்தது.

“செவ்வான்னா,” என்று இழுத்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான். “செவ்வான்னா செவ்வான்னு சொல்லணும். உம் பேரு அரபா.”

கூச்சலும் குலவையும் ஓய நெடுநேரமாயிற்று. எகுவா குனிந்து குழந்தையை வாங்கி, அதன் காதோடு காதாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“சீக்கிரம் வளரு, அரபா. உங்கப்பனுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கணும்.”