பிழியும் இயந்திரத்தின் முனகல்

திங்கள்கிழமை காலை முகம் துடைக்கும்போது வலது காது மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது அவருக்கு. கிள்ளிப் பார்த்தார். வலித்தது, ஆனால் அந்த வலி ஒரு பஞ்சு மூட்டைக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது. ஒருக்களித்துப் படுத்ததில் மரத்துப்போயிருக்கும், வேலைக்குப் போனால் சரியாகிவிடும் என்று கிளம்பிவிட்டார்.

வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகள், விடுதிகளின் போர்வைகள் எல்லாம் அங்கேதான் வந்து வெளுக்கும். அவர் மெக்கானிக். அவர் மனைவிக்குத் துணி பிழியும் இயந்திரத்தில் வேலை. ஈரத்துணியை அடைத்து மூடினால் அதன் எஃகுத் தொட்டி சுற்றுகிற வேகத்தில் தண்ணீர் தெறித்து ஓடும். அந்த வேகத்தில் தொட்டியின் அச்சைத் தாங்கும் பேரிங் உடைந்தால் தொட்டி மூடியைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வேறொரு கூடத்தில் அப்படி வந்ததை அவர் கண்ணால் பார்த்தவர்.

காது மரத்துப்போன செய்தி மதியத்துக்குள் கூடம் முழுக்கப் பரவியது. ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அழுக்கு அடைத்திருக்கும் என்றார் சூப்பர்வைசர். இஸ்திரி போடுகிறவர் ஜன்னலோரக் காற்று என்றார். லாரி டிரைவர் காதுக்குள் பூச்சி போய் முட்டையிட்ட கதை ஒன்றைச் சொல்லி எல்லோருடைய சாப்பாட்டையும் கெடுத்தார். கல்லூரியில் படிக்கும் மகள் போனில் தேடி, பல்வலியிலிருந்து ரத்தக்கொதிப்பு வரை பதினோரு காரணம் வாசித்தாள். காது கேட்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த இரைச்சலில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். புதன்கிழமை தம்பி போனில் கூப்பிட்டபோது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. அதற்கு போன் கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தார்.

இதற்கு நடுவில், செவ்வாய்க்கிழமை, பிழியும் இயந்திரம் முனகுகிறது என்று மனைவி வந்து சொன்னாள்.

இயந்திரத்தைக் கேட்பதற்கு அவருக்கென்று ஒரு முறை உண்டு. முழநீள ரப்பர் குழாய் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். ஒரு முனையை பேரிங் மூடிக்குப் பக்கத்தில் பிடித்து, மறுமுனையை வலது காதில் செருகி, கூடத்தின் இரைச்சல் நுழையாதபடி இடது காதை விரலால் அடைத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எந்த பேரிங் எத்தனை வாரம் தாங்கும் என்று அப்படியே சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அன்றைக்கும் கிரீஸ் அடித்துவிட்டு அப்படித்தான் கேட்டார். குழந்தை தூங்குகிற மாதிரி மெல்லிய மூச்சு. அவ்வளவுதான்.

"கிரீஸ் போட்டதும் வாயை மூடிக்கிச்சு பாரு. நீயும் இருக்கியே," என்று மனைவியைக் கிண்டல் செய்தார்.

"எனக்கு இன்னும் கேக்குதுங்க," என்றாள் அவள்.

"இருபது வருஷமா நான் கேக்கறதைவிட உன் காது ஒசத்தியா?"

அவள் அடுத்த ஈரத்துணி மூட்டையை அடைக்கப் போனாள். அவர் சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை அவள்தான் விரட்டிவிரட்டி அவரைக் காது டாக்டரிடம் அனுப்பினாள். டாக்டரம்மா பஞ்சால் காதைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். ஒவ்வொரு தொடுதலும் தெரிந்தது. உள்ளே அழுக்கும் இல்லை, பூச்சியும் இல்லை. பிறகு ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முதலில் இடது காது. கொசு இரைவது போன்ற சத்தத்தைக்கூட விடாமல் அமுக்கினார், கொஞ்சம் பெருமையாகவே. அடுத்து வலது காது. தொடங்கட்டும் என்று காத்திருந்தார். கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது. இரண்டு மூன்று தடவை ஏதோ தூரத்தில் கேட்டது போலிருந்தது, அதற்கு அமுக்கினார். கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண் எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"

"முடிஞ்சிருச்சு சார்," என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

டாக்டரம்மா காகிதத்தில் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று மேலே ஓடியது, மற்றது தாளின் அடியில் கிடந்தது. மரத்துப்போனது தோல் இல்லை, கேட்கும் சக்திதான் திடீரென்று போயிருக்கிறது, அது சிலருக்கு இப்படி மரத்த மாதிரிதான் தெரியும் என்றார். காரணம் கிருமியாக இருக்கலாம், ரத்த ஓட்டமாக இருக்கலாம், பலருக்குக் கடைசிவரை தெரியாமலே போகும். மாத்திரையை இன்றே தொடங்க வேண்டும். கேட்கும் சக்தி திரும்ப வரலாம், வராமலும் போகலாம்.

"எப்பலேருந்து இப்படி?"

"திங்கக்கிழமை," என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. தூங்கும் குழந்தையின் மூச்சு. அடங்கியது பேரிங் இல்லை, குழாயைச் செருகிய காது. முனகலைக் கேட்ட ஒரே ஆளை அவர் வாயடைத்துவிட்டு வந்திருக்கிறார். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை. காலை ஷிப்டில் அவள் அந்த மூடிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருப்பாள்.

மருந்துச் சீட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்து அவளுக்குப் போனைப் போட்டார். ஏப்ரன் பையில்தான் வைத்திருப்பாள். எடுக்கவில்லை. மணிகூட அடிக்கவில்லை. காதோடு வைத்து அழுத்தினார். ஒன்றுமில்லை. இயந்திரம் போய்விட்டது, அவளும் போய்விட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டார். போனை எடுத்துத் திரையைப் பார்த்தார். பதினெட்டு விநாடி, பத்தொன்பது, இருபது என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் எப்போதோ எடுத்துவிட்டாள். பழக்கதோஷத்தில் அவர்தான் வலது காதில் வைத்திருந்தார்.

இடது காதுக்கு மாற்றினார்.

"...கேக்குதாங்க? டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்குப் பின்னால், கல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பதுபோல, அந்த முனகல். மூன்று நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது. குழாய் இல்லாமலே, இவ்வளவு தூரத்திலிருந்தே, அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"செவப்பு பொத்தானை அமுக்கு. அமுக்கிட்டு அங்க நிக்காத, வெளிய ஓடு. நீ சொன்னதுதான் சரி."

அவள் பொத்தானை நோக்கி நகர்வது கேட்டது. பொத்தானை அமுக்கினாலும் அந்தத் தொட்டி நிற்க ஒன்றரை நிமிடம் ஆகும். தெருவில் ஆட்கள் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். போனை இடது காதில் அழுத்திக்கொண்டு, வெளி இரைச்சல் நுழைந்துவிடக் கூடாதென்று வலது காதை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். சத்தம் இன்னும் குறையவில்லை.