கால் இல்லாத மேசை

நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போய்விட்டு டெய்லரம்மா திரும்பி வந்தபோது, முன்னறையில் அவளுடைய வெட்டு மேசையைக் காணவில்லை. மேசை இருந்த இடத்தில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிப் பலகைகள், கழற்றிய ஆணிகள், ஒரு ரம்பம். முகத்தில் ஊருக்கே ஏதோ நல்லது செய்துவிட்ட களை.

"ஏங்க, என் மேசை எங்க?"

"இதோ," என்று பலகைகளைக் காட்டினார். "அருமையான மரம். இதைப் போய் ஒரு சாதா மேசையா அடிச்சு வீணாக்கியிருக்கான் பாரு."

அந்தச் சாதா மேசையில்தான் அவள் பதினோரு வருஷமாகத் துணி வெட்டினாள். ஆறடி நீளம், மூன்றடி அகலம், நின்றபடி வெட்டத் தோதான உயரம். அதன்மேல் வெட்டிய துணியில்தான் மகன் படித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்ச் சேர்ந்தான். இதையெல்லாம் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் ஒரு காகிதத்தை விரித்துவிட்டார்.

கணவருக்குப் பாலங்கள் வடிவமைக்கும் அலுவலகத்தில் வேலை. வடிவமைப்பது அவர் இல்லை. மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்ப்பது அவர் வேலை. அதனால் அங்கே அவருக்கு செக்கர் என்றே பெயர். தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. சிவப்புப் பென்சிலும் கையுமாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் தப்பைத் தேடியே இருபத்திரண்டு வருஷம் போய்விட்டது. பாலம் நின்றால் பெயர் வரைந்தவனுக்கு. விரிசல் விட்டால், 'செக்கர் என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்?' என்ற கேள்வி இவருக்கு. அப்படிப்பட்ட மனிதருக்கு, சாவதற்குள் தானும் ஒன்றை வரைந்துவிட வேண்டும் என்று ஆசை வந்தால் அதைத் தப்புச் சொல்ல முடியாது. அந்த ஆசை வேறு யாருடைய மேசை மீதாவது வந்திருக்கலாம்.

"இதுக்குக் கால் கிடையாது," என்றார் செக்கர். "கீழ ஒரு சட்டம். அதிலேர்ந்து ஒரு கை மேல போகும். மேல்பலகையிலேர்ந்து ஒரு கை கீழ வரும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாது. நடுவுல ஒரே ஒரு சின்ன கேபிள். மொத்தப் பலகையும் அதுலதான் தொங்கும்."

"தொங்குமா? மேசைன்னா நிக்கணுங்க."

"தொங்கிக்கிட்டே நிக்கும். நாலு மூலையிலயும் நாலு கேபிள் போட்டு, எந்தப் பக்கமும் சாயாம கீழ இழுத்துப் பிடிச்சிடுவேன். எல்லாமே இழுவிசைதான். பாக்கிறவன் மலைச்சுப் போயிடுவான்."

"பாக்கிறவன் இருக்கட்டும். வெட்டுறவ?"

"ஒரே வாரம்," என்றார் செக்கர். கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த ஒரு வாரம் இரண்டு மாதமாக நீண்டது. காரணம், அலுவலக விதி. வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது. இரண்டுக்கும் வேறு வேறு ஆள் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு செக்கர். விதியை மீறுகிற ஆளா அவர்? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பனியனோடு அடுக்களையில் உட்கார்ந்து வரைவார். பிறகு முகம் கழுவி, தலை சீவி, இஸ்திரி போட்ட அலுவலகச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வருவார். அந்த வரைபடத்தை ஜென்மத்தில் பார்த்தே இராதவர் போலப் பிரித்துவைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் எழுதுவார். 'திருகின் அளவு குறிப்பிடப்படவில்லை.' 'கை வளையும் இடத்தில் மரம் பிளக்க வாய்ப்பு உண்டு. கணக்கு எங்கே?' எழுதி முடித்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அடுக்களைக்குப் போய், அதே குறிப்புகளைப் படித்துக் கொதித்துப் போவார்.

"ஒரு கோடு வரையத் துப்பில்லாதவன் எல்லாம் குறை சொல்ல வந்துட்டான்!"

"யாரைங்க திட்டுறீங்க?"

"அங்க உக்காந்திருந்தானே, அந்த ஆளைத்தான்." முன்னறைப் பக்கம் கையைக் காட்டுவார்.

பனியன்காரரும் சட்டைக்காரரும் முட்டிமோதிக்கொண்டதில், வரைபடம் பதினான்காவது திருத்தத்துக்கு வந்து நின்றது. சில நாட்களில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அன்றைக்கெல்லாம் வேலையும் இல்லை.

இந்தக் கூத்துக்கு நடுவே டெய்லரம்மா தரையில் மண்டியிட்டுத் துணி வெட்டினாள். முதல் வாரம் சிரித்துக்கொண்டே வெட்டினாள். மூன்றாவது வாரத்தில் முழங்கால் வீங்கியது. ஆறாவது வாரத்தில் எழுந்திருக்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், 'அதுக்குத்தானேம்மா மேசை பண்றேன்' என்றார் அவர். எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் புதிதாகத் திறக்கப் போகும் ஆஸ்பத்திரியிலிருந்து நாற்பது வெள்ளைக் கோட்டுக்கு ஆர்டர் வந்தது. இது பிடித்துவிட்டால் இனி வருஷா வருஷம் அங்கே எல்லாருக்கும் சீருடை இவள் கையால்தான். வெட்டிய துணி திங்கட்கிழமை காலை பக்கத்துத் தெருவில் தைக்கும் இரண்டு பெண்கள் கைக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் சொன்ன தேதிக்குக் கோட்டு வராது. நாலு நாலு மடிப்பாக அடுக்கி வெட்டினால் பத்து அடுக்கு. நிற்கிற மேசை இருந்தால் ஒரே பகல் வேலை. தரையில் என்றால் நாலு நாள், அதுவும் முழங்கால் மனசு வைத்தால்.

"வெட்டுறப்போ நான் கத்தரிக்கோலை வச்சு முன்னால தள்ளுவேன். அதைக் கணக்குல சேத்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கத்தரிக்கோல் என்ன எடை?"

"முக்கால் கிலோ இருக்கும்."

செக்கர் சிரித்தார். "இது முந்நூறு கிலோ தாங்கும்மா."

"எடையைச் சொல்லலீங்க. தள்ளுறதைச் சொல்றேன்."

"தள்ளுறதுக்குன்னு எங்க விதியில தனியா எதுவும் இல்லையே," என்றார். விதியில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று அவருக்கு நம்பிக்கை.

ஒருவழியாக வெள்ளிக்கிழமை மேசை எழும்பியது. உள்ளதைச் சொல்ல வேண்டும்: டெய்லரம்மா வாயைப் பிளந்துவிட்டாள். கீழே ஒரு சட்டம், மேலே பெரிய பலகை, நடுவில் வெறும் காற்று. கீழிருந்து போன கையும் மேலிருந்து வந்த கையும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க, அவற்றுக்கிடையே ஒரு சாண் கேபிள். மூலைகளில் நூல் பிடித்தாற்போல் நாலு கேபிள்கள். விரலால் தட்டினால் நாலும் ஒரே சுரத்தில் ரீங்கரித்தன. இவருக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறதே, இத்தனை வருஷம் சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு எப்படிப் பொறுத்தார் என்று அவள் நிஜமாகவே நெகிழ்ந்து போனாள். நெகிழ்ச்சியோடு துணிக்கட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தொடாத!" என்று அலறினார் செக்கர். "சோதனை முடியலை."

அலுவலக முறைப்படி, கட்டியதன் மேல் பாரம் ஏற்றி ஒரு முழு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு மணல் மூட்டைகளை மேலே அடுக்கினார். டெய்லரம்மா துணிக்கட்டோடு ஓரமாக உட்கார்ந்திருக்க, மணல் மூட்டைகள் இருபத்துநாலு மணி நேரம் மேசையை அனுபவித்தன. சனிக்கிழமை மத்தியானம் அளந்து பார்த்துவிட்டு மூட்டைகளை இறக்கினார். பலகை அரை மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு அதைக் கழற்றிவிட்டு வந்து அந்தக் கையெழுத்தை ஆசைதீரப் பார்த்தார். அப்புறம் அலுவலகத்து ஆட்களை நேரிலேயே அழைத்துவிட்டு வரக் கிளம்பிப் போனார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அவள் முதல் அடுக்கை விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வெட்ட ஆரம்பித்தாள். கத்தரிக்கோலைத் தள்ளியதும் மேசை அவளைவிட்டு நகர்ந்தது. நிறுத்தியதும் திரும்பி வந்தது. விழவில்லை, சாயவில்லை. ஆடியது. மெதுவாக வெட்டினால் மெதுவாக ஆடியது, வேகமாக வெட்டினால் வேகமாக. நாலு மடிப்பும் நாலு திசைக்கு வழுக்கின. முடிவில் எடுத்துப் பார்த்தால், வெட்டிய ஓரம் ஒரு விரல் அகலத்துக்குப் பாம்பாக நெளிந்திருந்தது.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாலு கேபிளையும் அதே கத்தரிக்கோலால் வெட்டியிருப்பாள். எஃகு என்பதால் விட்டாள். சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டுவிடுவது என்று வாசலிலேயே நின்றாள். "பெரிய சாரே வர்றேன்னு சொல்லிட்டார்மா!" என்று அவர் சொன்னபோது அந்த முகத்தைப் பார்த்தாள். கல்யாணப் போட்டோவில்கூட அப்படி ஒரு முகம் இல்லை. கேட்க வந்ததை விட்டுவிட்டு, டீத்தூள் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய சாரும், அலுவலகத்தில் பேர்பெற்ற இரண்டு டிசைனர்களும் வந்தார்கள். ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கேபிளைத் தட்டிக் கேட்டார்கள். குனிந்து பார்த்தார்கள், படமெடுத்தார்கள். பெரிய சார் தன் டீ டம்ளரை மேசை நடுவில் வைத்துக் கையை எடுத்தார். டம்ளர் அங்கேயே இருந்தது. மூன்று பேரும் கை தட்டினார்கள்.

"நம்ம ஆபீஸ் வரவேற்பறையில இதுதான் இருக்கணும்," என்றார் பெரிய சார். "இத்தனை நாள் இந்த மனுஷனை வெறும் செக்கராவே வச்சிருந்துட்டோம்." செக்கர் தரையைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

பெரிய சார் அவள் பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரர் உங்களுக்காகச் செஞ்சதாமே. சொல்லுங்கம்மா, மேசை எப்படி?"

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். 'பிரமாதம்' என்று ஒரு வார்த்தை போதும். மனுஷர் ஆயுசுக்கும் சந்தோஷமாக இருப்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நாளைக் காலையில் அவள் வெறுங்கையோடு போய் நிற்பாள். இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். டம்ளரை எடுத்துக் கீழே வைத்தாள். நேற்றுப் பாழான அடுக்கையே விரித்து, அதில் புதிதாக ஒரு நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே எல்லாரும் பார்க்க வெட்டினாள். மேசை போய்ப் போய் வந்தது. வெட்டி முடித்த துணியைத் தூக்கிக் காட்டினாள்.

மூன்று பேரும் துணியை உற்றுப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் பேசினார்கள்.

"துணி ரொம்ப வழுக்குது போல," என்றார் உயர டிசைனர்.

"கத்தரிக்கோல் பெருசு. சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாமே," என்றார் குட்டையானவர்.

"மேசை ஆடுற பக்கமே நீங்களும் கூடவே ஆடினா கோடு நேரா வரும்மா. பழகிடும்," என்றார் பெரிய சார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

செக்கர் முன்னால் வந்தார். அவள் கையிலிருந்த துணியை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து, சாக்குக்கட்டிக் கோட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே வைத்து, மூன்று இடத்தில் அளந்தார். முகத்தில் இருந்த களை ஒவ்வொரு அளவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவளால் பார்க்க முடியவில்லை.

"பதினோரு மில்லிமீட்டர்," என்றார். "சார், தப்பு துணியில இல்ல. கத்தரிக்கோல்லயும் இல்ல, அவகிட்டயும் இல்ல. மேலேர்ந்து எவ்வளவு அமுக்கினாலும் இது தாங்கும். பக்கத்துல தள்ளினா எதுத்து நிக்க இதுல ஒண்ணுமே இல்ல. அதை நான் பாக்கவே இல்ல. இவ முன்னாடியே சொன்னா. நான் சிரிச்சேன்." துணியை மடித்து அவள் கையில் கொடுத்தார். "மேசை தேறலை சார்."

"அட, விடுய்யா. வரவேற்பறையில யாரு துணி வெட்டப் போறா?" என்றார் பெரிய சார்.

"இங்க வெட்டுவாங்க சார்."

அவளுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாமா, நாலு வார்த்தை திட்டலாமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை. "தேறலைன்னு எழுதி வச்சுக்குங்க," என்றாள். "நாளைக்குக் காலையில எனக்குத் துணி போகணும்."

செக்கர் அவளைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு, அவள் கைவீச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் தரையில் மண்டியிட்டு, ஒரு மூலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டு."

அவள் நல்ல துணியில் ஒரு அடுக்கை விரித்து வெட்டினாள். அவர் பக்கம் அசையாமல் நின்றது. எதிர்ப்பக்கம் வழக்கம்போல் நழுவியது. செக்கர் தலையை மட்டும் திருப்பினார்.

"சார், அந்த மூலையைக் கொஞ்சம்."

பெரிய சார் மற்ற இருவரையும் பார்த்தார். மற்ற இருவரும் பெரிய சாரைப் பார்த்தார்கள். டீ குடித்த வீட்டில் முடியாது என்று எப்படிச் சொல்வது? உயரமானவர் ஒரு மூலை, குட்டையானவர் ஒரு மூலை, இஸ்திரி கலையாமல் குனியப் பார்த்துத் தோற்றுப்போய்ப் பெரிய சார் ஒரு மூலை என்று மூன்று பேரும் மண்டி போட்டார்கள். நாட்டில் பாதிப் பாலத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் நாலு பேர் ஒரு மேசைக்குக் கால்களானார்கள். டெய்லரம்மா கோட்டின் மேல் கத்தரிக்கோலை வைத்துத் தள்ளினாள்.

"பேசாதீங்க சார், ஆடுது," என்றாள் நடுவில் ஒருமுறை. பெரிய சார் வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாவது அடுக்கு பாதியில் இருக்கும்போது செக்கர் அண்ணாந்து பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"ஏம்மா, முழங்கால் இவ்வளவு வலிக்குமா?"

"இப்பத்தான் அரைமணி ஆயிருக்கு," என்றாள் அவள். "ஆடாம பிடிங்க."

அவர் ஆடாமல் பிடித்தார். அவள் வெட்டிக்கொண்டே போனாள்.