டனீடனுக்கு எத்தனை இரவு

சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த நியூசிலாந்து வரைபடத்தில் ஆனந்தராசா மூன்று ஊர்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார். டைஹாபி, பிக்டன், அஷ்பர்ட்டன். மூன்று இரவு, நான்காம் நாள் பின்னேரம் டனீடன். அங்கே படித்த மகள் விஷாலினிக்கு டிசம்பரில் பட்டமளிப்பு. அதற்கென்றே பழைய கரவன் ஒன்றை வாங்கி ஒடாஹுஹு வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் இருந்தன. காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"எட்டு இரவெண்டு வைப்பம்," என்றாள் மனைவி விக்னேஸ்வரி.

"எட்டோ? இதென்ன மாட்டு வண்டிப் பயணமே? நான் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் பஸ் ஓடுறவன்."

அவளுக்குப் பயமே அதுதான். ஆனால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள், கதைத்துக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். கண்கள் திறந்தபடி இருந்தன, பார்வை இல்லை. எதையோ மெல்லுவதுபோல வாய் மட்டும் அசைந்தது. பத்து விநாடி இருக்கும். பிறகு ஒன்றும் நடவாததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இன்னொரு நாள் கையிலிருந்த தேநீர் மடியில் ஊற்றுப்பட்டும் அவருக்குத் தெரியவில்லை. விக்னேஸ்வரி மனுகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள். அங்கே ஒரு கிழவருக்கும் இப்படித்தான் வரும். விழுந்து கைகால் அடித்துக்கொண்டால்தான் வலிப்பு என்றில்லை என்று அங்கேதான் அறிந்தாள்.

சொன்னால் லைசென்ஸ் போய்விடும், வேலையும் போய்விடும். அதைவிட, சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். அதனால்தான் தங்குமிடங்களைக் கூட்டப் பார்த்தாள். தூரம் குறைந்தால் களைப்புக் குறையும், களைப்புக் குறைந்தால் அது வராமல் விட்டுவிடும். திங்கட்கிழமை அவர் பஸ்ஸில் ஏறும்போது பின்னால் நாற்பது பேர் இருப்பார்கள் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும்.

"உமக்கு என்ன பயம்?" என்று கேட்டார் ஆனந்தராசா.

"கரவன் இழுத்துப் பழக்கமில்லையே..."

"அவ்வளவுதானே? சனிக்கிழமை புக்கெகோஹி வரைக்கும் இழுத்துப் பாப்பம். உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு வரலாம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை வெயில் நன்றாக இருந்தது. மோட்டர்வேயில் பப்பாக்குரா தாண்டும்வரை கரவன் சாதுவாகத்தான் பின்னால் வந்தது. "பாத்தீரே, வாறதே தெரியேல்ல. விஷாலினிக்கு இண்டைக்கே ஃபோன் எடுத்துச் சொல்லும், நாங்கள்..." என்றவரின் பேச்சு பாதியில் நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். வாய் மென்றுகொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ!"

கார் மெல்ல வலப்பக்கம் சரிந்தது. அங்கே ஒரு பெரிய லொறி இவர்களைச் சமாந்தரமாகக் கடந்துகொண்டிருந்தது. அதன் சில்லு ஜன்னல் உயரத்துக்கு நின்று சுழன்றது. ஹோர்ன் அலறியது. விக்னேஸ்வரி சீட் பெல்ட் இழுக்க இழுக்க எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். கூடத் திருப்பிவிட்டாள். பின்னால் கரவன் பாம்புபோல நெளியத் தொடங்கி, காரின் பின்புறத்தை அங்குமிங்கும் இழுத்தது. அவருடைய கால் இன்னும் அக்சிலரேட்டரில்தான் இருந்தது. மற்றக் கையால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். எஞ்சின் வீறிட்டது. ஹாண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினாள். என்ன சொல்லிக் கத்தினாள் என்று அவளுக்குப் பிறகும் ஞாபகம் வரவில்லை. கடைசியில் எல்லாமாகச் சேர்ந்து ஓரத்துச் சரளைக்கல்லில் உராய்ந்து நின்றன.

ஆனந்தராசா கண்ணைச் சிமிட்டினார். காலை எடுத்தார். சுற்றிப் பார்த்தார்.

"ஏன் நான் இதில நிப்பாட்டினனான்?"

லொறி வந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு குளிரவில்லை.

"நீங்கள் நிப்பாட்டேல்ல. நான் நிப்பாட்டினனான்."

கடந்து போகும் ஒவ்வொரு வாகனத்துக்கும் கார் ஆடியது.

"போன கிழமை லைட் பச்சையானது எனக்குத் தெரியேல்ல," என்றார். "பின்னுக்கு நிண்டவன் ஹோர்ன் அடிச்சாப் பிறகுதான்..."

"பஸ்ஸிலயோ?"

"ஓம்."

"ஆக்கள் இருந்தவையோ?"

அவர் ஓம் என்று தலையாட்டினார்.

"நானும் ரெண்டு தரம் கண்டனான்," என்றாள் அவள். "கண்டும் சொல்லேல்ல."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். கடைக்கும் வேலைக்கும் மட்டும் கார் ஓடிப் பழகியவள், பின்னால் அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு மோட்டர்வேயை விட்டு இறங்கும் அடுத்த வெளிவாசல் வரை ஊர்ந்தாள். பெட்ரோல் நிலையத்து ஃபோனில் பக்கத்து வீட்டுப் பீட்டரை அழைத்தாள். மலேசியாத் தமிழர், நல்ல மனிதர். அரை மணி நேரத்தில் வந்து கரவனைத் தன் வண்டியில் கொழுவினார். அவர்கள் நேரே டொக்டரிடம் போனார்கள்.

இனி வாகனம் ஓட்டக் கூடாது என்று டொக்டர் அன்றே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆனந்தராசா தானே டிப்போவுக்குப் போய்ச் சொன்னார். அலுவலகத்தில் ஒரு வேலை பார்க்கலாம் என்றார்கள், ஆனால் எப்போது என்று சொல்லவில்லை. அவர் காலையில் எழும்பியதும் முற்றத்துக் கரவனுக்குள் போய், பொழுதுபடும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கத் தொடங்கினார். சாப்பாட்டையும் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலிப்பா, வெறும் யோசனையா என்று அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை. அன்று ரோட்டில் பட்ட பயத்தைவிட இது பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் அவளே வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு கரவனுக்குள் போனாள்.

"நான் ஓடுறன். பதினொரு இரவு. ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம், கூடினால் மூண்டு. தங்கிற இடமெல்லாம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்க வேணும். நீங்கள் இடத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

"உமக்கு விசரோ?"

"ஓம்."

விஷாலினி ஃபோனில் அழுதாள். "அம்மா, ஜஸ்ட் ஃப்ளை, ப்ளீஸ்." ஆனாலும் அவர் பேனையை எடுத்துவிட்டார். ஹமில்டன், டோக்கரோவா, டௌப்போ என்று கரவன்கள் தங்கும் ஒவ்வொரு காம்புக்கும் தானே ஃபோன் எடுத்து இடம் கேட்டார். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், காலியான கார்ப் பார்க்கில் பீட்டர் அவளுக்கு ரிவர்ஸ் பழக்கினார். "பயப்படாதீங்க அக்கா, கண்ணாடிய பாத்து மெதுவா வாங்க," என்பார். பயம் மட்டும் போகவில்லை.

முதல் நாள் ஹமில்டன் காம்பில் வண்டியை நிறுத்தியபோது, அவளுடைய விரல்கள் ஸ்டியரிங்கிலிருந்து பிரிய மறுத்தன. ஆனந்தராசாதான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். தெற்குத் தீவுக்கு வாகனங்களை ஏற்றிப் போகும் கப்பலின் சரிவுப்பாதையில் கண்ணீர் வந்தது, ஆனால் ஏற்றிவிட்டாள்.

கைகூராவுக்குச் சற்று முன்னால், கடலோர வளைவொன்றில், பக்கத்தில் பேச்சு நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை தடுமாறும் என்று தெரியும். சிக்னல் போட்டு, பிரேக்கை மெல்ல அழுத்தி, அகலமான ஓரம் வரும்வரை ஓட்டி நிறுத்தினாள். அதன் பிறகுதான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தாள்.

அவர் நினைவுக்குத் திரும்பினார். கடலைப் பார்த்தார், பிறகு அவளை.

"எவ்வளவு நேரம்?"

"இருபது விநாடி. கூடவும் இருக்கலாம்."

டொக்டருக்குக் காட்ட வேண்டிய கொப்பியில் திகதியையும் நேரத்தையும் எழுதினார். அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை காத்திருந்து, வண்டியை எடுத்தாள்.