லஹேஜ் ஒப்பந்தம்

பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட சூசைரட்ணத்துக்குக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர், நோர்வேயின் அம்மருட் மாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுச் சாலே. எழுந்து நடந்த முதல் நாளே, வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கலாகாது என்று சூசைரட்ணம் அதில் மீன்குழம்பை நிரப்பிக்கொண்டுபோய் அவர் கதவைத் தட்டினார்.

“உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறன்?” என்று நொர்வேஜிய மொழியில் கேட்டார்.

சாலே சிரித்தார். அவருடைய ஊர் லஹேஜ். ஏடனுக்கு அருகே பிரித்தானியரின் பாதுகாப்பில் இருந்த சின்னச் சுல்தான் நாடு.

“வெள்ளைக்காரன் எங்கட சுல்தானைப் பாதுகாத்தவன். பதிலுக்கு, தன்னைக் கேளாமல் வேறை ஒரு நாட்டோடையும் கதைக்கக்கூடாது எண்டு கையெழுத்து வாங்கினவன். நான் அப்பிடி ஏதும் கேட்டனானா?”

“இல்லை.” சூசைரட்ணம் பாத்திரத்தை நீட்டினார்.

சாலே குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

“இப்ப கேக்கிறன். என்னைக் கேளாமல் இந்தக் குழம்பு வேறை வீட்டுக்குப் போகப்படாது.”

சூசைரட்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஓம். எங்கை கையெழுத்து வைக்கிறது?”