மெழுகுதிரிக்கு ஓர் ஆணி

தொமாயிஸ் முட்டைக்கோசை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து கதவைத் தள்ளினாள். அடுப்படியில் அவள் புருஷன் பர்தாஸ் மண்டியிட்டு, நீளமான வெங்காயத்தாள் ஒன்றைத் தலைக்குமேல் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய மனுஷன். கண்ணை இறுக மூடியிருந்தார். வெங்காயத்தாள் மட்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, சமையலா, ஜெபமா?"

"பேசாதடி. கை நிக்குதான்னு பாக்குறேன்."

"நிக்கலை. கோழி வாலாட்டம் ஆடுது. குடுங்க இங்க, குழம்புக்காவது ஆகும்."

வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி அவள் வாயை அடைத்திருப்பார். அன்றைக்கோ வெங்காயத்தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு வலது கையை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டார். தொமாயிஸுக்குச் சுருக்கென்றது. அவளுக்கு விஷயம் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் அரண்மனை முற்றத்தில் உயரமாக ஒரு மேடை போடுவார்கள். திரை விலகும். சக்கரவர்த்தி முழங்காலுக்கு மேலே மட்டும் தெரிவார், பொன்னாடையும் கிரீடமுமாக. அவருக்கு முன்னால் பெரிய மெழுகுதிரி ஒன்று, யார் கையும் படாமல், சூரியன் எழும்புவதுபோல் தானாக எழும்பி நிற்கும், பக்கத்தில் ஒரு வாளும். தானாக என்பது ஊருக்கு. மேடையின் முன்பலகைக்குப் பின்னால் மடங்கி உட்கார்ந்து மெழுகுதிரியைத் தூக்கிப் பிடிப்பவர் பர்தாஸ். அவருக்கு முன்னால் அவர் அப்பா, அதற்கும் முன்னால் தாத்தா. பலகைக்குப் பின்னால் ஆள் இருப்பது ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் திரை விலகியதும் ஊரே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எங்கள் ஜனங்கள் அப்படித்தான், என்ன செய்ய!

போன வருஷம் அந்த மெழுகுதிரி ஆடிவிட்டது. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். பண்டிகை முடிந்ததும் மீன்சந்தையில் வேறு பேச்சே இல்லை. தீபம் ஆடினால் ராஜ்யம் ஆடப்போகிறது என்றாள் ஒருத்தி. பூகம்பம் வரும் என்றாள் இன்னொருத்தி. கருவாடு விற்கிறவன் துருக்கியரே கிளம்பிவிட்டதாகச் சத்தியம் செய்தான். அன்றைக்கே அரண்மனைச் சடங்குகளின் தலைவர் அர்கீரோஸ் வீடு தேடி வந்துவிட்டார். தொப்பி ஒரு முழ உயரம், உள்ளே ஆள் சாண் உயரம்.

"பர்தாஸ், வாள் பிடிக்கிற காப்ராஸ் செத்தப்புறம் வாளுக்கு ஓர் ஆணி அடிச்சு மாட்டினேனா இல்லையா? இன்னொரு தடவை ஆடிச்சுன்னா மெழுகுதிரிக்கும் ஓர் ஆணி அடிச்சிடுவேன். ஆணிக்கு வயசாகாது, கை நடுங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொமாயிஸுக்கு ராஜ்யத்தின்மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. ஒரு காலத்தில் டான்யூப் ஆறு முதல் யூப்ரடீஸ் ஆறு வரை கொடிகட்டிப் பறந்த ராஜ்யம்தான், யார் இல்லை என்றது? இப்போது இந்தக் கான்ஸ்டான்டினோபிளின் மதிலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ராஜ்யத்தைப் பாதிக்குமேல் பார்த்தாயிற்று. அந்த மதிலுக்குள்ளும் பாதி இடம் கோதுமை வயலும் திராட்சைத் தோட்டமும்தான். அவளுடைய முட்டைக்கோசுகூட ஏதோ ஒரு பழைய குளியல் மாளிகையின்மேல்தான் விளைந்தது. மண்ணைக் கொத்தினால் தங்கம் பூசிய கண்ணாடிச் சில்லுகள் வரும். பாதி மயில், ஒரு மீன், யாரோ ஒரு சீமாட்டியின் கண். அந்தக் கண்ணை மட்டும் அவள் எறிய மனமில்லாமல் ஜன்னலில் வைத்திருந்தாள். கப்பல்படையின் மகா தளபதிக்கு ஒரே ஒரு படகு, அதிலும் கானாங்கெளுத்தி மீன் நாற்றம். கிரீடத்துக் கல்லெல்லாம் எப்போதோ வெனிஸுக்கு அடகு போய், இப்போது மினுக்குவது வெறும் கண்ணாடி. இதுவும் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"விட்டுத் தொலைங்களேன். ஆணி அடிக்கிறாரா, அடிச்சிட்டுப் போறார். ரெண்டு பேரும் சாயங்காலம் அடுப்புப் பக்கத்துல கதகதன்னு உக்காந்திருக்கலாம்" என்றாள், வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே.

பர்தாஸ் அடுப்பில் ஒரு சுள்ளியைச் செருகினார். "ஆணி பிடிச்சா மெழுகுதிரி சும்மா நிக்கும்டி. எழும்பாது. ஜனங்க பாக்க வர்றது அது எழும்புறதைத்தான். இருட்டிக்கிட்டு வரும், ஆள் ஆளைப் பாக்க முடியாது, அப்போ அது மெதுவா மேலே வரும். கீழே இருக்கிற எனக்கு ஒண்ணும் தெரியாது. 'ஆ'ன்னு ஒரு சத்தம் மட்டும் கேக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் வருஷம் பூரா..."

ராஜ்யம் எக்கேடு கெட்டாலும் கெடட்டும். ஆனால் இந்த மனுஷன் இருந்த இடத்தில் ஓர் ஆணியா? அவளுக்கு அர்கீரோஸின் தொப்பியைப் பிடித்து ஆட்டவேண்டும்போல ஆத்திரம் வந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"காப்ராஸ் அண்ணனோட அங்கி எங்கே இருக்கு?"

"மேடைச் சாமான் அறையில, முளையில தொங்குது. எதுக்கு?"

"எதுக்கா? நான் பெருநாளைக்குப் போட்டுக்கிட்டு நடனமாடத்தான்!"

பர்தாஸ் விஷயம் புரிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே! பொம்பளை மேடைக்கு வரக்கூடாதுடி. தெரிஞ்சா தலை போயிடும்."

"காப்ராஸ் வரலாம். வாள்காரர் இடம் காலியாத்தானே கிடக்கு? உங்க முழங்கையை என் தோள்மேல வச்சுக்குங்க. நாப்பது வருஷமா வேற எங்கே வச்சீங்க?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கருங்கடலிலிருந்து காற்று கத்தியாய்க் கீறிக்கொண்டு வந்தது. முற்றத்தில் கூட்டம் நெரிந்தது. முன்வரிசையில் எதிர்க்கரையில் குடியேறிய இத்தாலிய வியாபாரிகளான ஜெனோவாக்காரர்கள் மெத்தென்ற மிருக ரோமச் சட்டையில் நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் துருக்கி சுல்தானின் தூதர். மெழுகுதிரி ஆடியதென்று கேள்விப்பட்டுத்தான் இரண்டு தரப்பும் இந்த வருஷம் ஆள் அனுப்பியிருந்தன. ஆடினால் அந்தச் செய்தி விடிவதற்குள் துறைமுகம் தாண்டிவிடும். தொமாயிஸ் கூட்டத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பர்தாஸ் முன்கூட்டியே எடுத்து வந்திருந்த காப்ராஸின் அங்கியைப் போட்டு, அதன் முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு சின்னக் கணப்புச் சட்டியை மடிக்குள் மறைத்து, புருஷன் பின்னால் குனிந்து போனாள். கையில் சூடு பட்டால் நடுக்கம் கொஞ்சம் அடங்கும் என்பது அவள் கணக்கு. மேடையின் படியருகே அர்கீரோஸ் மறித்தார்.

"யார் இது?"

பர்தாஸ் முந்திக்கொண்டார். "வா... வாள்காரர்."

அர்கீரோஸ் அங்கியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சிவப்பு சரி. கரை சரி. பொத்தான் வரிசையும் சரி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! மேலிடத்துக்கு எத்தனை மனு போட்டேன், இப்பத்தான் அனுப்ப மனசு வந்துச்சா! வாங்க, வாங்க. அந்த ஆணியை முதல்ல பிடுங்குங்க, அசிங்கமா இருக்கு."

அங்கிக்குள் இருந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அவருடைய உலகத்தில் அங்கி வந்துவிட்டால் ஆள் வந்தாயிற்று. தொமாயிஸ் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளே ஆணியைப் பிடுங்கினாள். அந்தச் சத்தம் காதுக்கு அத்தனை இனிமையாக இருந்தது.

முன்பலகைக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். கணப்புச் சட்டியை பர்தாஸின் கைக்கருகில் வைத்தாள். வாளை ஒரு கையால் தூக்கினாள். மறு கையால் அவர் முழங்கையைத் தன் தோளில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது, சக்கரவர்த்தி வந்து நின்றார். கொம்புகள் முழங்கின. திரை விலகியது.

பர்தாஸ் மெழுகுதிரியை உயர்த்தினார். அவர் கை நடுங்கியது. அந்த நடுக்கம் முழங்கை வழியாக இறங்கி அவள் தோளில் வந்து நின்றது. அவள் பல்லைக் கடித்து, அசையாமல், அதைத் தன் உடம்புக்குள் வாங்கிக்கொண்டாள். மெழுகுதிரி ஏறியது, ஏறியது, நின்றது.

"ஆ!" என்றது கூட்டம்.

இதற்காகத்தான் இந்த மனுஷன் வருஷம் பூரா வெங்காயத்தாளோடு கிடந்தார் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. மயிர்க்கூச்செறிந்தது அவளுக்கு. ராஜ்யத்தைப் பற்றி வாய் கூசாமல் பேசிய அவளுக்குத்தான்.

பாடகர்கள் பல்லாண்டு பாடத் தொடங்கினார்கள். அது லேசில் முடியாது. அவள் மெல்லப் பக்கவாட்டில் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் சக்கரவர்த்தியின் கால்கள் இருந்தன. பலகை மறைத்ததால் ஊருக்குத் தெரியாத கால்கள். சிவப்புச் செருப்பின் ஓரம் கிழிந்து, வேறு சிவப்பு நூலால் தைத்திருந்தது. மேலே பொன்னாடை சிலையாட்டம் நிற்க, கீழே முழங்கால்கள் இரண்டும் குளிரில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. ஒரு கால் இன்னொரு காலைச் சூடேற்றத் தேய்த்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை கதவுக்கு வெளியே நின்று குளிரில் தேய்க்குமே, அதேமாதிரி.

அட பாவமே, இந்த மனுஷனும் நடுங்குகிறாரே!

அவள் யோசிக்கவில்லை. தன் காலை நீட்டிக் கணப்புச் சட்டியை மெதுவாக அந்தச் செருப்புகளிடம் தள்ளிவிட்டாள். பர்தாஸ் திகிலோடு அவளைப் பார்த்தார். சிவப்புச் செருப்புகள் ஒரு நொடி அப்படியே உறைந்தன. பிறகு சூட்டின் இருபுறமும் வந்து நின்றன. முழங்கால்கள் அடங்கின. மேலே கிரீடத்தின் கண்ணாடிகூட அசைந்திருக்காது.

பாட்டு பாதியில் இருக்கும்போது ஒரு செருப்பு நகர்ந்தது. அதன் நுனி சட்டியைத் தொட்டு, பின்னால் தள்ளியது. கொஞ்சம்தான். பர்தாஸின் கைக்கும் சக்கரவர்த்தியின் காலுக்கும் சரிநடுவில் சட்டி நின்றது. செருப்பு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. தொமாயிஸின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. துடைக்கக் கைக்கு ஓய்வில்லை.

மெழுகுதிரி கடைசிவரை ஆடவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பர்தாஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தெருவில் யாராவது பார்ப்பார்கள் என்ற வெட்கம்கூட இல்லை. வாசலுக்கு வந்ததும் கேட்டார், "அவ்வளவு கிட்டத்துல இருந்தியே, சக்கரவர்த்தி முகத்தைப் பாத்தியாடி?"

"முகத்தை யாரு பாத்தா?" என்றாள். "உள்ளே போனதும் கம்பளி நூலை எடுத்துக் குடுங்க. அடுத்த வருஷத்துக்குள்ள ஒரு ஜோடி காலுறை பின்னணும்."

"எனக்கா?"

"உங்களுக்கு எதுக்கு? அந்தப் பிள்ளைக்கு."

"பிள்ளையா! அவருக்கு அம்பது வயசுடி!"

"இருக்கட்டுமே," என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.