டன்மோர் எழுந்து நின்ற காலை

எதிரே வரும் வண்டிக்காரன் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவதுதான் எங்கள் பக்கத்து வணக்கம். என் அக்கா ஆர்டிஸ் அந்தத் தீர்ப்பை எழுதிய வாரத்திலிருந்து எங்கள் டன்மோர் ஊர்ச் சாலையில் எனக்காக ஒரு விரலும் எழவில்லை.

அக்கா அமெரிக்காவின் மொன்டானா மாநில உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஒருத்தி. வழக்கு வில்லோ ஆற்றைப் பற்றியது. கரையோரப் பண்ணைக்காரர்கள் பாலத்தின் இரு பக்கமும் பாறைகளைப் போட்டு, இரும்பு வேலி அடித்து, யாரும் ஆற்றில் இறங்க முடியாதபடி செய்திருந்தார்கள். மீன் பிடிக்க வருகிறவர்கள் பண்ணைக் கதவைத் திறந்துபோட்டு மாடுகளை வெளியே விட்டுவிடுகிறார்கள் என்பது அவர்கள் குறை. அது பொய்யும் இல்லை. ஆனால் பாலம் பொதுவழி, ஆற்று நீர் மக்களுடையது, பாலத்திலிருந்து இறங்குகிறவனைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று நான்கு பேர் ஒரு பக்கமாக, மூன்று பேர் மறுபக்கமாகத் தீர்ப்பு வந்தது. அந்த நான்கு பேருக்காக எழுதியவள் அக்கா.

முதலில் பிடுங்கப்பட்ட வேலி எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் டுவெய்ன் கிராட்டுடையது. அவர் அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவர். பாறைகளை அள்ள அரசாங்க லாரி வந்த அன்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் லைல்! உங்கக்கா எங்க வீட்டுச் சோறு தின்னு வளர்ந்தவடா. அவ கையாலயே என் வேலியப் புடுங்கிட்டாளே!"

"வழக்க வழக்காத்தான் பாத்திருக்கா அண்ணே."

"நவம்பர்ல நானும் ஓட்ட ஓட்டாத்தான் பாப்பேன். போடா."

அதுதான் விஷயம். எட்டு ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் நீதிபதிகளும் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்து நின்றாக வேண்டும். அந்த ஆண்டு அக்காவின் முறை. எதிர்த்து நின்றவன் பிரெண்ட் கால்டர் என்ற வக்கீல். ஆற்றின் மேற்பகுதியில் பெரும்பண்ணை வாங்கியிருந்த வெளிமாநிலச் செல்வர் ஒருவர் அவனுக்காகத் தொலைக்காட்சியை வளைத்துப் போட்டிருந்தார். சாம்பல் நிறத்தில் அக்காவின் முகம், கீழே ‘உங்கள் நிலத்தைப் பறித்தவள்’. சாப்பிட உட்கார்ந்தால் அந்த முகம்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தலையாவது வாரிட்டு வந்திருக்கலாம்" என்றாள். சிரித்தாள்தான். ஆனால் தட்டில் இருந்ததை அவள் தொடவில்லை.

ஆகஸ்டில் தீ வந்தது. இடியோடு மழை வராமல் மின்னல் மட்டும் விழுந்து, மேற்கு மேட்டில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. நண்பகலில் காற்று திரும்பி, நெருப்பு நேரே டுவெய்னின் வைக்கோல் போர்களை நோக்கி இறங்கியது. ஊர்த் தீயணைப்புக் குழுவில் நானும் ஒருவன். லாரியில் இருந்த தண்ணீர் கால்வாசி வேலைக்குக்கூடப் போதவில்லை. அடுத்த தண்ணீர் ஆறுதான். பாறைகள் போன இடத்தில் சரளை கொட்டிச் சரிவு போட்டிருந்தார்கள். லாரியைப் பின்னோக்கி இறக்கிக் குழாயை ஆற்றில் போட்டோம். மாற்றி மாற்றி நிரப்பிக்கொண்டு ஓடினோம். சாயங்காலத்துக்குள் தீ அடங்கியது. டுவெய்னின் மேய்ச்சல் நிலம் கரிந்துபோனது, போர்களும் மாடுகளும் தப்பின.

அவர் முகமெல்லாம் கரியோடு அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காவின் பிரச்சாரத்தைப் பார்த்துக்கொண்ட டெப் மறுவாரமே, அக்கா தங்கியிருந்த என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"மேடம், அந்தக் கரிஞ்ச வயல்ல உங்கள நிக்க வெச்சு ஒரு விளம்பரம் எடுத்தாப் போதும். இந்தத் தீர்ப்புதான் ஊரக் காப்பாத்துச்சுன்னு ஒரே வரி. ஜெயிச்சுரலாம்."

"முடியாது," என்றாள் அக்கா.

"ஏன் மேடம்? உண்மைதானே?"

"தீ அணைஞ்சதால தீர்ப்பு சரின்னா, அணையாம இருந்திருந்தா தப்பாயிருக்குமா? அடுத்தவன் வயல் எரிஞ்சத வெச்சு நான் ஓட்டுக் கேக்க மாட்டேன்."

டெப் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். எனக்கும் எரிச்சல்தான். மறுநாள், தீயில் போன மேய்ச்சல் வேலிக்குக் கம்பி இழுக்க டுவெய்னுக்குக் கைகொடுக்கப் போனபோது மனசு பொறுக்காமல் இதை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் புகையிலையைத் துப்பிவிட்டு, "கம்பிய இழு" என்றார்.

அக்டோபரில் எங்கள் ஊர்க் கண்காட்சி மண்டபத்தில் இரண்டு வேட்பாளர்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்தார்கள். நாற்காலி பற்றாமல் வைக்கோல் கட்டுகளை உருட்டிப் போட வேண்டியதாயிற்று. கால்டர் முதலில் எழுந்தான்.

"என்னை அனுப்புங்க. அந்த ஆத்துத் தீர்ப்ப நான் மாத்திக் காட்டறேன்!"

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். அக்கா எழுந்தாள். மைக் அவள் உயரத்துக்கு எட்டவில்லை, மைக் இல்லாமலே பேசினாள்.

"வராத வழக்குக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது. வந்தா ரெண்டு பக்கமும் கேப்பேன், சட்டத்தப் பாப்பேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

கை தட்ட நானும் டெப்பும்தான் இருந்தோம். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் பின்வரிசையில் டுவெய்ன் எழுந்தார்.

"கால்டர் தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். அந்தத் தீர்ப்பு தப்புன்னு நான் இன்னைக்கும் சொல்றேன். மாத்தினா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நாளைக்கு எனக்கும், உனக்கு விளம்பரம் போடற அந்த மேப்பண்ணைக்காரருக்கும் தண்ணித் தகராறு வருதுன்னு வெச்சுக்கோ. வழக்கக் கேக்காமலே இப்பிடித்தான் வாக்குக் குடுப்பியா? யாருக்குக் குடுப்பே?"

"அது வந்து... அது வேற மாதிரி..."

"வேற மாதிரிதான். அவர்கிட்ட டிவி இருக்கு. என்கிட்ட மாடுதான் இருக்கு."

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. டுவெய்ன் சிரிக்கவில்லை. அக்காவைக் கையால் காட்டினார்.

"என் போர் பொழச்சத வெச்சு ஓட்டுக் கேளுன்னு இவகிட்ட சொன்னாங்களாம். மாட்டேன்னுட்டா. நாலாம் வகுப்புலயே இவ இப்பிடித்தான். டீச்சர் எனக்குத் தப்பா ஒரு மார்க் அதிகமாப் போட்டுட்டாங்கன்னு எழுந்து சொன்னவ. எனக்கு! நான் ஃபெயிலாயிட்டேன்!" சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "இவகிட்ட நான் தோத்திருக்கேன். ஆனா இவள யாரும் விலைக்கு வாங்கினது இல்ல. என் ஓட்டு ஆர்டிஸுக்குத்தான்."

உட்கார்ந்துவிட்டார். ஒரு மூலையில் தொடங்கிய கைதட்டல் மண்டபம் முழுக்கப் பரவியது. அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு துடித்ததை நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

நவம்பர்த் தேர்தலுக்கு மறுநாள் காலை, பனி கொட்டிக்கொண்டிருக்க, ஊரே லோர்னாவின் உணவு விடுதியில் கூடியிருந்தது. மாநிலத்தில் அக்கா வென்றுவிட்டாள் என்று வானொலி சொல்லிவிட்டது. மலைப்பக்கத்து வாக்குப்பெட்டிகள் பனியில் சிக்கிக்கொண்டதால் எங்கள் மாவட்டக் கணக்கு மட்டும் பாக்கி. வானொலிக்காரன் கடைசியில் அதையும் படித்தான். கால்டரைவிட அக்காவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓட்டு! நான் கத்திய கத்தலில் என் காப்பி எங்கே போனதென்று தெரியாது. யார் யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள், முதுகில் அறைந்தார்கள். டெப் மேசைமேல் ஏறி ஆடினாள்.

அந்த நேரம் கதவு திறந்தது. தோளெல்லாம் பனியோடு அக்கா நின்றாள்.

லோர்னா கரண்டியால் கல்லாப்பெட்டியை ஓங்கித் தட்டி, நீதிமன்றத்தில் கூவுவதுபோலக் கூவினாள். "நீதிபதி வராங்க! எல்லாரும் எந்திரிங்க!"

நாற்காலிகள் கரகரவென்று பின்னே போயின. வேலி போனவர்கள், அவளை வாய்க்கு வாய் திட்டியவர்கள், தொப்பியைக் கழற்றிக்கொண்டு அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். டுவெய்ன் மட்டும் கொஞ்சம் மெதுவாக எழுந்தார், முழங்கால் வலி அவருக்கு.

அக்கா கண்ணைத் துடைத்தாள். சிரித்தாள். முகம் முழுக்கச் சிரித்தாள்.

"உட்காருங்கய்யா, முட்டை ஆறிப்போகுது. எனக்கும் ஒரு தட்டு வையி லோர்னா. அசுரப் பசி."